சும்மா கிடக்கும் தண்டவாளம்

“தண்டவாளம் சும்மாத்தான சார் கெடக்குது? பௌர்ணமிக்கு இன்னும் பத்து வண்டி வுட்டா இன்னா கொறைஞ்சா போயிடும்?”

கேட்டவர் ஆட்டோ ஓட்டுகிற தம்பி. திருவண்ணாமலை ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைகளில் பௌர்ணமிக்கு மறுநாள் தவறாமல் எழுகிற கேள்வி. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் நடந்து, கால் வீங்கி, விழுப்புரம் வண்டியின் வாசற்படியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த கோபம் அது. நியாயமான கோபம்தான். ஆனால் தண்டவாளம் சும்மா கிடக்கவில்லை தம்பி, அதை விளக்க ஒரு டீ போதாது என்றேன். பக்கத்தில் இருந்த அரிசி மண்டி அண்ணன், தன் கணக்கில் எழுதச் சொன்னார்.

காட்பாடியில் இருந்து விழுப்புரம் வரை ஏறத்தாழ 161 கிலோமீட்டர். திருவண்ணாமலையில் நின்று பார்த்தால் வடக்கே காட்பாடிக்கு 93, தெற்கே விழுப்புரத்துக்கு 68. முழுக்க ஒற்றைப் பாதை. போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் அதே இரும்புதான். பேருந்து என்றால் சாலையில் தான் நிற்கிற இடத்தை மட்டும்தான் அடைத்துக்கொள்ளும். ரயில் அப்படியில்லை. எதிரெதிர் வண்டிகள் விலகிப்போகிற ஒரு கிராஸிங் ஸ்டேஷனில் இருந்து கிளம்பிவிட்டால், அடுத்த கிராஸிங் ஸ்டேஷனை முழுதாக அடைகிற வரை இடைப்பட்ட மொத்த தூரமும் அந்த ஒரு வண்டியின் பெயரில் பதிவாகிவிடுகிறது. இதை பிளாக் செக்ஷன் என்கிறார்கள். லெவல் கிராஸிங்கில் நின்று பார்க்கிறவருக்கு ஆளரவமற்ற தண்டவாளமாகத் தெரிவது, இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களின் கணக்கில் ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்துவிட்ட இடம்.

இதற்கு ஒரு பழைய வாய்பாடு உண்டு. ஸ்காட் ஃபார்முலா என்பார்கள். பாதையிலேயே அதிக நேரம் பிடிக்கிற பிளாக் செக்ஷன் எது என்று பார்க்க வேண்டும். அதைக் கடக்க மெதுவான வண்டிக்கு ஆகும் நேரத்தோடு, இரு ஸ்டேஷன்களும் அனுமதி கேட்டு, கொடுத்து, சிக்னல் போட ஆகும் நேரத்தைக் கூட்ட வேண்டும். ஒரு நாளின் 1440 நிமிடங்களை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து, வருவதில் 70 சதவீதம் எடுத்தால் அதுதான் அந்தப் பாதையின் கொள்ளளவு. மீதி 30 சதவீதம் தண்டவாளப் பராமரிப்புக்கும், மின்கம்பி வேலைக்கும், வண்டிகளின் தாமதத்துக்கும்.

புரிவதற்காக ஒரு கணக்கு போடலாம். இவை நம் பாதையின் எண்கள் அல்ல. நீளமான செக்ஷன் 12 கிலோமீட்டர், கூட்ஸ் வண்டியின் வேகம் மணிக்கு 40 என்றால் 18 நிமிடம். அனுமதிக்கு 6 நிமிடம் சேர்த்தால் 24. 1440-ஐ 24-ஆல் வகுத்தால் 60. அதில் 70 சதவீதம் 42. இரண்டு திசையும் சேர்த்து ஒரு நாளைக்கு 42 வண்டி, அவ்வளவுதான். பாசஞ்சர், எக்ஸ்பிரஸ், கூட்ஸ், பௌர்ணமி ஸ்பெஷல் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

இப்போது அந்த 12 கிலோமீட்டரின் நடுவே ஒரு கிராஸிங் ஸ்டேஷனை வைத்துப் பாருங்கள். செக்ஷன் 6 கிலோமீட்டராகிறது. 9 நிமிடமும் 6 நிமிடமும் சேர்ந்து 15. கொள்ளளவு 67. இரண்டாவது பாதை ஒரு முழம்கூடப் போடாமல் 25 வண்டிக்கு இடம் வந்துவிட்டது. காகிதத்தில்தான், ஏனென்றால் இதுவரை இரண்டாவது இடத்தில் இருந்த நீளமான செக்ஷன் இனி கழுத்தைப் பிடிக்கும். அப்புறம் அதை உடைக்க வேண்டும். ஆனாலும் இந்தக் கணக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒரு பாதையில் எத்தனை வண்டி ஓட முடியும் என்பதை, வண்டி ஓடுகிற இடத்தைவிட வண்டி நிற்கிற இடமே அதிகம் தீர்மானிக்கிறது.

“நிக்கறதுக்கா எடம் இல்ல? அவ்ளோ பெரிய ஸ்டேஷன் கட்டி வெச்சிருக்கான்!”

கட்டியிருக்கிறார்கள். அம்ருத் பாரத் திட்டத்தில் புதுப்பித்த நிலையங்களில் திருவண்ணாமலையும் போளூரும் உண்டு. 2025 மே 22 அன்று பிரதமர் திறந்து வைத்தார். முகப்பும் காத்திருப்புக் கூடமும் பயணிகளுக்கு வேண்டியவைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் பெருமைப்படுகிற முகப்புக்கும் வண்டியின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. நான் பேசுவது பிளாட்பாரத்துக்கு அந்தப் பக்கம், முள்செடி மண்டிக் கிடக்கிற யார்டைப் பற்றி.

யார்டில் முதலில் பார்க்க வேண்டியது லூப் லைன். மெயின் லைனில் இருந்து பிரிந்து கொஞ்ச தூரம் பக்கத்திலேயே ஓடி மறுபடி அதில் சேர்கிற பாதை. எதிர் வண்டிக்கும் பின்னால் வரும் வேகமான வண்டிக்கும் வழிவிட, ஒதுங்கி நிற்கிற இடம். இரண்டு பாதையும் நெருங்கும் இடத்தில் தரையோடு தரையாக வெள்ளையடித்த ஒரு கான்கிரீட் கட்டை இருக்கும், அதற்கு ஃபவுலிங் மார்க் என்று பேர். நிற்கிற வண்டியின் கடைசி வேகன் அந்தக் கட்டைக்கு உள்ளே அடங்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்துப் பாதையில் போகிற வண்டி அதை உரசிவிடும். அதாவது லூப்பில் இடம் என்பது, இரண்டு முனையிலும் உள்ள கட்டைகளுக்கு நடுவே சிக்னலையும் கணக்கில் கொண்டு வண்டி அடங்குகிற நீளம்.

இந்திய ரயில்வேயில் அந்த நீளத்துக்கு 686 மீட்டர் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். நிலக்கரி ஏற்றும் பாக்ஸ் வேகன் ஒன்று 10.7 மீட்டர் சொச்சம். ரேக் என்கிற முழு வேகன் வரிசை ஒன்றுக்கு 58 வேகன், ஆக 621 மீட்டர். பிரேக் வேன் சுமார் 14, எஞ்சின் ஒன்று சுமார் 20. மொத்தம் 656 ஆகிவிட்டது. மிச்சம் 30 மீட்டர். ஏற்றத்துக்காக இரட்டை எஞ்சின் போட்டால் மிச்சம் 10 மீட்டர்தான். ஐம்பத்தெட்டு வேகனை இழுத்துக்கொண்டு வருகிற லோகோ பைலட் அதை இந்த இடைவெளிக்குள் நிறுத்திக் காட்ட வேண்டும். அந்த வேலையின் நுட்பம் வெளியில் யாருக்கும் தெரிவதில்லை. “கூட்ஸ் வண்டியால லேட்டு” என்று திட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

2022 சுதந்திர தினத்தன்று சத்தீஸ்கரில் ‘சூப்பர் வாசுகி’ என்று ஐந்து ரேக்குகளைக் கோத்து, 295 வேகன்களில் 27,000 டன் நிலக்கரியோடு மூன்றரை கிலோமீட்டர் நீள வண்டியை ஓட்டிக் காட்டினார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. நம் பாதையில் அதைக் கொண்டுவந்தால் எந்த ஸ்டேஷனில் ஒதுக்கி நிறுத்துவது? அமெரிக்காவில் இதே தலைவலி வேறு உருவத்தில் இருக்கிறது. அங்கே சரக்கு நிறுவனங்கள் வண்டியை நீட்டிக்கொண்டே போய், லூப்புக்குள் அடங்காத வண்டிகள் பெருகிவிட்டன. சட்டப்படி முன்னுரிமை உள்ள ஆம்ட்ராக் பயணி வண்டி, சரக்கு வண்டிக்காக லூப்பில் ஒதுங்கி நிற்கிறது.

இன்னொரு நுணுக்கம். கிராஸிங் ஸ்டேஷனுக்கு இரு பக்கமும் ஒரே சமயத்தில் வண்டி வந்தால் இரண்டையும் சேர்ந்தாற்போல உள்ளே விட முடியுமா? பல இடங்களில் முடியாது. ஒன்று சிக்னலைத் தாண்டிச் சறுக்கிப்போனாலும் மற்றதில் போய் முட்டாதபடி, சிக்னலுக்கு அப்பால் 120 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லூப்பின் நுனியில் மணல் கொட்டிய முட்டுப்பாதை இருக்க வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் ஒரு வண்டியை வெளியே, ஹோம் சிக்னலில் நிறுத்திவிட்டு மற்றதை முதலில் வாங்க வேண்டும். வயல் நடுவில், ஸ்டேஷன் விளக்கு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பத்து நிமிடம் வண்டி நிற்கிறதே, பலமுறை காரணம் இதுதான். மணல்மேடு கேட்டு எந்தக் கட்சியும் மறியல் செய்து நான் பார்த்ததில்லை.

மண்டி அண்ணன் குறுக்கே வந்தார். “நெல்லு ரேக்கு வந்தாலே பாரு, ஸ்டேஷன் ரோடே லாரியா நிக்குது. அதுவும் இந்தக் கணக்குதானா?”

அண்ணே, அதுதான் யார்டின் முக்கியமான கணக்கு.

டெல்டா மாவட்டங்களில் கொள்முதல் செய்த நெல்லை அரைவைக்காக மற்ற மாவட்டங்களுக்கு ரயிலில் அனுப்புவது வழக்கம். திருவண்ணாமலைக்கும் வருவதுண்டு. 42 மூடிய வேகன்களில் சுமார் 2,000 டன். அரிசியோ உரமோ என்றால் அதே வேகன்களில் இன்னும் கூடுதல் எடை ஏறும். நெல் இடத்தை அடைக்கிற சரக்கு, எடை நிற்காது. கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. ஆக 50,000 மூட்டை. அத்தனையும் மனிதத் தோளில் இறங்க வேண்டும். பத்து டன் லாரி என்றால் 200 நடை. அண்ணன் பார்த்த லாரி வரிசை இதுதான்.

வேகனை இறக்கத் தகுந்தபடி வைத்த நிமிடத்தில் இருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். இத்தனை மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்று கெடு உண்டு. தாண்டினால் டெமரேஜ் என்ற அபராதம். இறக்கிய மூட்டையைத் தளத்தில் இருந்து எடுக்காவிட்டால் அதற்குத் தனியாக வார்ஃபேஜ். நடுராத்திரியில் ரேக் வந்து சேர்ந்தால் ஆள் கிடைக்காது, மழை வந்தால் வேகன் கதவைத் திறக்க முடியாது, குடோனில் இடம் இல்லையென்றால் போன லாரி திரும்பாது. இவை எல்லாவற்றுக்கும் விலை கொடுப்பது கூட்ஸ் லைன்தான், ஏனென்றால் காலி ரேக் கிளம்பும் வரை அடுத்த ரேக்குக்கு அங்கே இடமில்லை.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் இருநூறு பேர் உட்காரலாம் என்பதால் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டுவிட முடியாது. எவ்வளவு சீக்கிரம் இலை எடுத்து, மேசை துடைத்து, அடுத்த பந்தியை உட்கார வைக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. ஒரு ரேக் வந்து, நின்று, இறக்கி, காலியாகிக் கிளம்ப 16 மணி நேரம் ஆனால் ஒரு லைன் நாளைக்கு ஒன்றரை ரேக்தான் வாங்கும். 8 மணி நேரத்தில் முடித்தால் மூன்று. புது லைன் போடாமல் கொள்ளளவு இரட்டிப்பு. அதற்கு வேண்டியது விளக்கு, கூரை, கான்கிரீட் தளம், லாரி வந்து திரும்ப அகலமான வழி, சுமை தூக்குகிறவர்களுக்குக் குடிநீரும் ஓய்வறையும். ரயில்வே திட்டம் என்றவுடன் இவையெல்லாம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

சரக்கு இறங்காமல் ஒரு ரேக் லூப்பில் காத்திருக்கிறது, ஓட்டுகிறவர்களின் டூட்டி நேரமும் முடிந்துவிட்டது என்று வையுங்கள். அவர்கள் இறங்கிவிடுவார்கள். வண்டி ‘ஸ்டேபிள்’ ஆகிவிடும். மாற்று ஆள் வரும் வரை அந்த லூப் செத்த லூப். அந்த ஸ்டேஷனில் கிராஸிங் போட முடியாமல், முன்னும் பின்னும் இருக்கிற ஸ்டேஷன்களில் வண்டிகள் தேங்கும். எங்கோ ஒரு குடோனில் இடமில்லாததற்கு, பௌர்ணமி ராத்திரி ஒரு கிழவி பிளாட்பாரத்தில் படுத்துக் கிடப்பாள்.

“அப்ப கூட்ஸ நிறுத்திட்டு ஆளுங்க வண்டிய வுட வேண்டிதான?”

நிறுத்தினால் ரயில்வேக்குச் சோறு கிடையாது தம்பி. அதன் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரக்கில் இருந்து வருகிறது. பயணச்சீட்டு மலிவாக இருப்பதே நெல்லும் நிலக்கரியும் சிமென்ட்டும் மேலே கொடுக்கிற காசில்தான்.

இந்தப் பாதையின் வயதையும் சொல்ல வேண்டும். மதுரையில் இருந்து கிளம்பிய வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், கையில் இருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரை ரயிலில் வந்து, அங்கிருந்து நடந்து, கடுக்கனை அடகு வைத்து, திருக்கோவிலூரில் மறுபடி ரயிலேறி 1896 செப்டம்பர் 1 காலையில் இங்கே இறங்கினார். பின்னாளில் அவர் ரமணர். அன்று அவர் வந்தது தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் வண்டி. ஒரு மீட்டர் அகலப் பாதையும் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையும் சந்திக்கிற ஜங்ஷன்களில் சரக்கை ஒரு வேகனில் இருந்து இன்னொன்றுக்குக் கைமாற்ற வேண்டும். நூறு வருஷத்துக்கு மேல் நம் பாதை அந்தச் சிறையில் கிடந்தது. 2010 வாக்கில் அகலப் பாதையாகித் திறந்த பிறகுதான் வடக்கே இருந்து வருகிற முழு ரேக் நேராக உள்ளே நுழைய முடிந்தது. ஹவுரா – புதுச்சேரி போன்ற நெடுந்தூர வண்டிகளும் இப்படித் திரும்பின. 2024 மே மாதம் சென்னை கடற்கரை – வேலூர் வண்டியைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். அகலம் வந்தது, மின்சாரம் வந்தது, வண்டியும் வந்தது. பாதை மட்டும் ஒன்றாகவே நின்றது.

இனி வரைபடத்தைப் பாருங்கள். தெற்கே விழுப்புரம். அங்கிருந்து செங்கல்பட்டு பக்கமும் இரட்டைப் பாதை, விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கும் இரட்டைப் பாதை. வடக்கே காட்பாடி. சென்னை – ஜோலார்பேட்டை இரட்டைப் பாதை அதன் வழியாகப் போகிறது. காட்பாடியில் இருந்து பாகாலா வழியாகத் திருப்பதிக்குப் போகும் 104 கிலோமீட்டர் ஒற்றைப் பாதையையும் இரட்டையாக்க 2025 ஏப்ரல் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பீடு 1,332 கோடி ரூபாய். அது முடிந்தால் ஆந்திரத்தில் இருந்து தெற்கே வருகிற வண்டிகள் தாராளமாகக் காட்பாடி வரை வந்துவிடும். அதற்கப்புறம்? சென்னை நெரிசலைத் தொடாமல் தெற்கே இறங்க இருக்கிற வழி நம் 161 கிலோமீட்டர் ஒற்றைப் பாதை. இரண்டு பக்கமும் அகன்ற குழாய், நடுவில் இடுங்கிய கழுத்து.

இதையும் இரட்டையாக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தத் திருப்பதிப் பாதையின் கிலோமீட்டர் விலையை அப்படியே போட்டுப் பார்த்தால் 2,000 கோடிக்குச் சற்று மேலே வருகிறது. நிலம், பாலம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும், ஆகவே இது டீக்கடைக் கணக்குதான். இரட்டைப் பாதையில் எதிர் வண்டிக்காகக் காத்திருக்கும் வேலையே இல்லாததால் கொள்ளளவு இரண்டு மடங்கையும் தாண்டும். ஆனால் அது ஒப்புதலாகி, நிலமெடுத்து, முடிந்து வர வருஷங்கள் ஆகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நீளமான செக்ஷன்களை உடைக்கிற புதிய கிராஸிங் ஸ்டேஷன்கள், இருக்கிறவற்றில் மூன்றாவது லூப், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வண்டி வாங்க வசதி ஆகியவை மொத்தச் செலவில் சிறு துண்டு. பின்னால் இரட்டைப் பாதை வந்தாலும் இவற்றில் பெரும்பகுதி வீணாகாது.

கூட்ஸ் ஷெட்டைப் பற்றியும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. கோயில் ஊரின் நடு ஸ்டேஷனில் நெல் லாரியும் கிரிவலக் கூட்டமும் ஒரே தெருவில் மோதிக்கொள்வது திட்டமிடாமையின் அடையாளம். ஆலைகள் ஆரணி, களம்பூர் பக்கம் செழித்திருக்கின்றன. ஆரணி ரோடு ஸ்டேஷன் இருப்பதே களம்பூரில்தான். அரைவைக்கு வரும் சரக்கை அந்தப் பக்கம் இறக்கினால் லாரியின் நடையும் குறையும், இங்கே நெரிசலும் குறையும். மண்டி அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. தன் சரக்கு ஊருக்குள் இறங்குவதுதான் அவருக்கு லாபம். அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை.

முன்பெல்லாம் யார்டு என்றால் வேறு. வேகன் வேகனாகப் பிரித்து, போகிற ஊர்வாரியாகக் கோக்கிற மார்ஷலிங் யார்டு. முகல்சராய் ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கியது. மேட்டின் மீது தள்ளிவிட்டால், வேகன் தானாக உருண்டு அதனதன் லைனுக்குப் போகும். நெப்ராஸ்காவில் யூனியன் பசிபிக்கின் பெய்லி யார்டு இன்றும் அப்படி வேலை செய்கிறது, சுமார் 2,850 ஏக்கர். நாம் 1980களில் இருந்து முழு ரேக்காகவே அனுப்பும் முறைக்கு மாறினோம். நல்லதுதான், வேகன் நாள்கணக்கில் யார்டில் தூங்குவது நின்றது. ஆனால் பத்து வேகன் சரக்கு வைத்திருக்கிற சிறு வியாபாரி லாரிக்குப் போய்விட்டார். 21 வேகன் மினி ரேக் என்று இப்போது கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்கள்.

கடைசியாகத் திண்டிவனம். அங்கிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு சுமார் 70 கிலோமீட்டர் புதுப் பாதை 2006-07 ரயில்வே பட்ஜெட்டிலேயே இடம் பிடித்தது. இன்னும் வண்டி ஓடவில்லை. போட்ட பணத்துக்கு வருமானம் வருமா என்ற தராசில் பல வருஷமாகத் தொங்குகிறது. தேர்தலுக்குத் தேர்தல் எல்லாரும் இதைக் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். அந்தப் பாதை வந்தால் திருவண்ணாமலை ஜங்ஷன் ஆகிவிடும், சென்னையில் இருந்து வருகிற வண்டிகள் இங்கேயே முடிந்து இங்கிருந்தே கிளம்பும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். முடிகிற வண்டி எங்கே நிற்கும், எங்கே கழுவுவார்கள், தண்ணீர் எங்கே பிடிப்பார்கள்? கிழக்கே இருந்து வருகிற பாதை நம் ஸ்டேஷனில் எந்த முனையில் சேரும்? வடக்கு முனையில் சேர்ந்தால் விழுப்புரம் பக்கம் அப்படியே போகலாம், காட்பாடி போக எஞ்சினைக் கழற்றி மறு முனையில் மாட்ட வேண்டும். தெற்கு முனையில் சேர்ந்தால் நேர்மாறு. எஞ்சின் மாற்றுகிற ஒவ்வொரு முறையும் ஒரு லைன் அரைமணி நேரமாவது அடைபடும்.

“யார்டு பெருசா வேணும்னா எடம் எங்க சார்? ஸ்டேஷன சுத்தி வூடு வந்துடுச்சே.”

அங்கேதான் சரியாக வந்து நின்றார் தம்பி. யார்டுக்கு எல்லா நிலமும் ஆகாது. எஞ்சின் இல்லாத வேகன் தானாக உருளக் கூடாது என்பதால் 1200 மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் சரிவு இல்லாத தரையைத்தான் விரும்புவார்கள். எவ்வளவு இறங்கி வந்தாலும் பொதுவாக 400-க்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். மலையடிவாரத்தில், ஏரியும் கரடுமாக இருக்கிற ஊரில், அப்படி ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டையாகவும் நேராகவும், பாதையை ஒட்டியும் கிடைக்கிற நிலம் கொஞ்சம்தான். துரிஞ்சாபுரம் பக்கமோ தண்டரை பக்கமோ அதைக் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டியது, மனைக் கல் நடுகிறவர்கள் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பு.